எட்டாவது கரை

அன்று காலையில் ஆமை பதினேழாவது முறையாகத் தண்ணீரில் விழுந்தது.

“அய்யோ, நனைஞ்சுட்டேன்! இன்னொரு தடவை பார்ப்போமா?” என்று தொப்பியைப் பிழிந்துகொண்டே சிரித்தது.

மேசையில் சாய்த்து வைத்திருந்த, அந்த ஆமை விளையாட்டு ஓடிய டேப்லெட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த குருவி பதில் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்பது வயது. குரல் சின்னதாக இருந்ததால் வீட்டில் வைத்த பெயர் அது. நாற்காலியிலிருந்து மெல்ல வழுக்கி இறங்கி, மேசைக்கு அடியில் போய், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அக்கா ஒளிஞ்சுக்கிச்சு,” என்று அறிவித்தாள் ஆறு வயது வண்டு. அவளுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாய் ஓயாது.

“வெளிய வா,” என்றாள் அம்மா, கையிலிருந்த வேலையை விடாமல். “வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்து அம்மா சோதிக்க வந்து உக்காரப்போறாங்க. இன்னிக்கு திங்கள். மேசைக்கு அடியில உக்காந்தா கணக்கு வருமா?”

அம்மாவின் வேலை பொம்மைக் கரடிகளுக்குக் கண் வைப்பது. தொழிற்சாலையிலிருந்து வாரா வாரம் இரண்டு மூட்டை வரும். பஞ்சு அடைக்காத வெறும் தோல்களாக, முகத்தில் இரண்டு துளைகளோடு கரடிகள் வந்து இறங்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு கறுப்புக் கண்ணைச் செருகி, உள்பக்கம் வளையம் போட்டு, கைப்பிடி அழுத்தியால் ஒரு அழுத்து. ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கண் ஒருநாள் ஏதோ ஒரு குழந்தையின் வாய்க்குள் போய்விடும். அதனால் அம்மா ஒவ்வொரு கண்ணையும் அழுத்தியபின் ஒருமுறை இழுத்தும் பார்ப்பாள். முகம் தெரியாத அந்தக் குழந்தைக்காக அவள் ஒரு நாளில் ஆயிரம் முறை செய்கிற பிரார்த்தனை அது என்று சொன்னாலும் தப்பில்லை. கட்டைவிரலின் பக்கத்தில் காய்த்துப்போயிருந்தது.

“முன்னாடி ஆமை இங்க இல்லம்மா,” என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

“எங்க இருந்துச்சாம்?”

“நான் விட்ட இடத்துல. அஞ்சாவது கரையில. இப்போ எட்டாவது கரையில நிக்குது. நான் அங்க கூட்டிட்டுப் போகலை.”

“ஆமை தானா நடந்து போயிடுச்சா? கணக்கு வரலைன்னா வரலைன்னு சொல்லு. பொய் சொல்லாத.”

“பொய் இல்ல.”

“வெளிய வா.”

வரவில்லை. அம்மா எழுந்து, குனிந்து, கையைப் பிடித்து இழுத்தாள். குருவி மேசைக் காலைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் அது நடந்தது. அம்மாவின் கை அவள் கன்னத்தில் விழுந்தது. பெரிய அடி இல்லை. ஆனால் அந்த வீட்டில் அதுவரை யாரும் யாரையும் அடித்ததில்லை. வண்டுகூட வாயை மூடிக்கொண்டாள்.

குருவி அழவில்லை. மேசைக் காலை விட்டாள், எழுந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஆமைக்கும் என்னைப் பிடிக்கலை,” என்றாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அம்மா பயந்துபோனாள். ஏனென்றால் இந்த மௌனம் அவளுக்குத் தெரிந்த மௌனம்.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு கழித்தல் கணக்குக்காகக் குருவியைக் கரும்பலகை முன்னால் நிற்க வைத்தார்கள். போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்றார் ஆசிரியை. அவர் கெட்டவர் இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அன்று பொறுமை தீர்ந்துபோன ஒருவர். ஒரு வகுப்பு நேரம் முழுக்கக் குருவி சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள். கடைசியில் அவள் காலடியில் தரை நனைந்தது. வகுப்பே சிரித்தது. மறுநாள் பள்ளிக்கூட வாசலில் வாந்தி. அதற்கடுத்த நாளும் வாந்தி. ஒரு மாதத்தில் வீட்டுக்கு வெளியே அவள் குரலே இல்லாமல் போனது. கடைக்காரரிடம், டாக்டரிடம், அடுத்த வீட்டுக்காரியிடம், யாரிடமும் ஒரு சொல் இல்லை. எண்களைப் பார்த்தாலே விரல்கள் விறைத்துக்கொள்ளும்.

கல்வி அலுவலகம் விசாரித்துவிட்டு, வீட்டிலேயே படிக்க வைக்க ஒரு வருஷம் அனுமதி கொடுத்தது. அக்கா இல்லாமல் போகமாட்டேன் என்று வண்டு தெருவில் படுத்துப் புரண்டதால் அவளையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். வாசிப்பும் எழுத்தும் அம்மாவே பார்த்துக்கொண்டாள். கணக்குதான் நகரவில்லை. அப்போது நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற பெண்மணி, யாருக்கும் வேண்டாமல் அலமாரியில் கிடந்த ஒரு டேப்லெட்டைத் துடைத்துக் கொடுத்து, “இதுல ஆமைக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு. பிள்ளைங்க விளையாடிக்கிட்டே படிக்கலாம். பாருங்களேன்,” என்றார். கீழ்வீட்டுக்காரர் தன் இணையத்தின் கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். இப்படிப்பட்ட கைகள் இருப்பதால்தான் உலகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆமை ஆற்றைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு சரியான விடைக்கும் தண்ணீரில் ஒரு கல் விழும். அதன்மேல் ஆமை ஏறும். தப்பானால் தொப்பென்று விழும். ஒரு ஆற்றைக் கடந்தால் அடுத்த கரை, அங்கே அதைவிடக் கொஞ்சம் கஷ்டமான கணக்கு. முதல் நாள் ஆமை விழுந்து தொப்பியைப் பிழிந்தபோது குருவி சிரித்தாள். நாலு மாதம் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. அம்மா சமையல் மூலைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்கப்புறம் காலையில் எழுந்ததும் “ஆமையார் பல் விளக்கியாச்சா?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு பெண்களும் டேப்லெட்டிடம் ஓடுவார்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல, நாலாவது கரை, ஐந்தாவது கரை.

மூன்று வாரம் முன்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்து சோதிப்பார், கணக்குக்குப் பயன்படுத்தும் பாடத்தின் பதிவைக் காட்ட வேண்டும், முன்னேற்றம் போதாவிட்டால் அனுமதி ரத்து, அடுத்த மாதம் முதல் பிள்ளை பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. சரியாக அந்த வாரத்திலிருந்துதான் ஆமை ஓயாமல் விழ ஆரம்பித்தது.

மாலையில் அப்பா வந்தார். ஹோட்டல்களின் படுக்கைவிரிப்புகளைத் துவைக்கிற ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அவருக்கு இயந்திரம் ஓட்டுகிற வேலை. அங்கே அவரை எல்லோரும் ‘நுரை’ என்று கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விரிப்பு இன்னும் வெள்ளையாகட்டும் என்று இரண்டு மடங்கு சோப்புத்தூள் போட்டு, நுரை வாசல்வரை வழிந்து ஓடியதாம். எதையும் ஒரு கை கூடவே போடுகிற மனுஷர்.

“என் தங்கம் எங்க? இன்னிக்கு எத்தனை கல்லு?” என்றபடி நுழைந்தார். உடம்பு முழுக்க ஆவி வாடை.

குருவி அவரைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

“அம்மா அடிச்சுட்டாங்க,” என்றாள் வண்டு. “அக்கா பேச்சை நிறுத்திடுச்சு. நான் எவ்வளவோ கிள்ளிப் பாத்துட்டேன்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கரடித் தோலைப் பார்த்தாள்.

“ஒரு கணக்குக்காகவா?”

“ஒரு கணக்கு இல்லைங்க. மூணு வாரமா ஒண்ணுமே வரலை. முன்னாடி டக்கு டக்குனு போட்டவ. வெள்ளிக்கிழமை அந்த அம்மா முன்னாடி இப்படி உக்காந்தா, திரும்ப அந்த வாசல்லதான் கொண்டுபோய் விடணும். நீங்க அங்க நின்னு பாத்ததில்லை. நான் பாத்திருக்கேன்.”

“நீ ஏன் கவலைப்படுற? கல்லு ஏறிக்கிட்டுத்தானே இருக்கு? எட்டாவது கரை! பதிவைக் காட்டுனா அந்த அம்மா அசந்துபோயிடுவாங்க பாரு.”

“கல்லு எப்படி ஏறுதுன்னே எனக்குப் புரியலை.”

அப்பா சட்டையை அவிழ்த்து உதறிக்கொண்டே முகம் கழுவப் போய்விட்டார். அன்று ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும். குருவி ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டில் வட்டமாக அடுக்கினாள். வாயில் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மா டேப்லெட்டைத் திறக்கவே இல்லை. துணியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்துவிட்டாள். வெளியே வெயில் கொளுத்தியது, காற்றே இல்லை. கண் வைத்துக்கொண்டே இடையிடையே மகளைப் பார்த்தாள். குருவி மேசைக்கு அடியில் இருந்தாள். “அம்மா தப்புப் பண்ணிட்டேன்டா, பேசு,” என்று இரண்டு முறை குனிந்து சொன்னாள். பதில் இல்லை. ‘கடவுளே, ஆயிரம் கல்லு நான் கேக்கலை. என் பிள்ளை கையால ஒரு கல்லு. ஒரே ஒரு கல்லு,’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அழுத்தியை அழுத்தினாள். அன்று இழுத்துப் பார்த்ததில் மூன்று கண்கள் கையோடு வந்துவிட்டன.

புதன்கிழமை காலையில் வண்டு ஸ்டூல் போட்டு ஏறி, தனக்காக டேப்லெட்டை எடுத்தாள். அவளுக்குத் தனி ஆமை. இரண்டாவது கரையில் நிற்கும் ஆமை. ஆனால் விரல் தவறி அக்காவின் ஆமையைத் திறந்துவிட்டாள். உடனே மேளச் சத்தம்.

“சபாஷ்! நேற்று நீ அறுபத்திரண்டு கற்கள் போட்டாய்!” என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். “அம்மா, இந்த ஆமை புளுகுது. நேத்து அக்கா தொடவே இல்லை.”

அம்மாவின் கையிலிருந்த கரடி தரையில் விழுந்தது. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். குருவியும் அவளைப் பார்த்தாள். பொய் சொல்லாத என்று சொல்லி அடித்தது இருவருக்கும் ஞாபகம் வந்தது.

திரையின் ஓரத்தில் உதவிக்கு ஒரு எண் இருந்தது. அம்மா அதுவரை அப்படிப்பட்ட எண்களைக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டாள். வெகுநேரம் இசை ஓடியது. பிறகு ஒரு பெண் குரல்.

“ஆமைக் கணக்கு உதவி மையம். சொல்லுங்கம்மா.”

“உங்க ஆமைக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்மா.”

அந்தப் பக்கம் அடக்கிய சிரிப்பு. “என்ன செய்யுதுங்க?”

“தானா நடக்குதும்மா. பிள்ளை தொடாத நாள்ல அறுபது கல்லு போட்டிருக்கு. கணக்கெல்லாம் மலை மாதிரி ஆயிடுச்சு. என் பொண்ணு அதைப் பாத்துப் பாத்து…” அம்மா மூக்கை உறிஞ்சினாள். “நான் அவளைப் பொய்க்காரின்னு சொல்லி அடிச்சுட்டேன்.”

“இருங்கம்மா, அழாதீங்க. நான் பார்க்கிறேன்.” விசைகளைத் தட்டுகிற சத்தம். “ஆமை தானா நடக்காதும்மா. பிள்ளை எவ்வளவு சரியா போடுதோ, அதுக்குத் தகுந்த மாதிரி அடுத்த கணக்கைக் கஷ்டமாக்கும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். உங்க பொண்ணோட கணக்கை ரெண்டு இடத்துலேர்ந்து திறக்கிறாங்க. ஒண்ணு டேப்லெட். இன்னொண்ணு ஒரு ஃபோன்.”

“ஃபோனா? யாரோடது?”

“அது தெரியாது. ஆனா நேரம் தெரியுது. மத்தியானம் ஒண்ணு பத்துலேர்ந்து ஒண்ணு அம்பது வரைக்கும். மூணு வாரமா, ஞாயித்துக்கிழமை தவிர தினமும். அந்த நேரத்துல நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரி.”

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பது என்பது என்ன நேரம் என்று அவளுக்குத் தெரியும். பதினொரு வருஷமாக அந்த நேரத்துக்காகத்தான் அவள் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள்.

மத்தியானம் பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சலவைக்கூடத்துக்கு நடந்தாள். குருவி தலையைக் குனிந்து, அம்மாவின் உடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வண்டு முன்னால் ஓடினாள். சைக்கிள் கடை, மருந்துக்கடை, பாலத்துக்கு அடியில் நிழல், அப்புறம் சலவைக்கூடத்தின் உயரமான சுவர். சுவரின் துளைகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. காவலாளி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார்.

உள்ளே இயந்திரங்கள் நின்றிருந்தன. ஒன்று மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அழுக்கு விரிப்பு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சத்தம்.

“முக்காலும், மூணுல ரெண்டு பங்கும். சேர்த்தா என்ன? சீக்கிரம்!”

“ஒண்ணுக்கு மேல வரும்யா.”

“ஒண்ணுக்கு மேலன்னா எவ்வளவு? ஆமைகிட்ட ‘ஒண்ணுக்கு மேல’ன்னு சொன்னா கல்லு போடுமா?”

மூட்டை இடுக்கில் அம்மா பார்த்தாள். அப்பா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார், கையில் ஃபோன். அவரைச் சுற்றி ஆறேழு பேர். தலையில் துண்டு கட்டிய பாய்லர்காரர். இஸ்திரி போடுகிற அக்கா. மடிப்புப் பிரிவுப் பெண்கள். எல்லோருடைய சாப்பாட்டு டப்பாக்களும் திறக்காமல் ஒரு ஓரத்தில் இருந்தன.

“வழி விடுங்க, நான் காட்டுறேன்,” என்று இஸ்திரி அக்கா எழுந்தார். தோய்த்த விரிப்பு ஒன்றை உதறி, நீளவாக்கில் நாலாக மடித்தார், குறுக்கே மூன்றாக மடித்தார், பிரித்துத் தரையில் விரித்தார். “எண்ணுங்க. மடிப்புல பன்னெண்டு கட்டம். முக்கால்னா ஒம்பது கட்டம். மூணுல ரெண்டுன்னா எட்டு. ரெண்டும் சேந்தா பதினேழு. ஒரு விரிப்பும், அஞ்சு கட்டமும்.”

“போடு நுரை, போடு!”

அப்பா போட்டார். மேளம் அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

“மூணாங்கிளாசோட நின்னவ நான்,” என்றார் இஸ்திரி அக்கா மூச்சு வாங்க. “இந்த வயசுல எனக்கே நாக்குத் தள்ளுது. அந்தப் பிஞ்சு எப்படிப் போடும்?”

“அதுக்குத்தானே நாம போடுறோம்,” என்றார் பாய்லர்காரர். “வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிரம் கல்லு. பிள்ளையைத் திரும்ப அங்க அனுப்பவே முடியாது. எவன் கேக்குறான்னு பாத்துடலாம்.”

அப்போதுதான் அப்பா நிமிர்ந்தார். மனைவியும் இரண்டு பெண்களும் நிற்பதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது, பாவம், முதலில் மலரத்தான் செய்தது.

“வா வா! நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். தொள்ளாயிரத்து நாப்பது ஆயிடுச்சு! எல்லாரும் சாப்பிடாம உக்காந்து…”

“என்னங்க,” என்றாள் அம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை நிறுத்தியது. “அந்த ஆமை, யார் போடுறாங்கன்னு பாக்காதுங்க. நீங்க சரியா போடப் போட, உங்களுக்குத் தகுந்த கணக்கை அவளுக்குக் கொடுக்குது. நீங்க எட்டுப் பேரு. இவ ஒருத்தி.”

பாய்லர்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். இஸ்திரி அக்கா தரையில் விரித்திருந்த விரிப்பை மெதுவாகச் சுருட்டினார். அன்பினால் செய்கிற தப்பைத் திருத்துவது கஷ்டம். செய்தவர்களைத் திட்டவும் முடியாது, தட்டிக்கொடுக்கவும் முடியாது.

“தெரியாமப் பண்ணிட்டோம் தங்கச்சி,” என்றார் இஸ்திரி அக்கா.

குருவி அம்மாவின் பின்னாலிருந்து அந்த மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அப்பா சீக்கிரமே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் மேசைக்கு அடியில் தானும் நுழைந்தார். ஆள் பெரியவர், தலை பலகையில் இடித்தது.

“அப்பா மாட்டிக்கிட்டாரு,” என்றாள் வண்டு.

“நீ சும்மா இரு.” அவர் குருவியின் பக்கம் திரும்பினார். “கஷ்டமா வந்துச்சே, மூணு வாரமா. அதெல்லாம் உன் கணக்கு இல்லடா. அப்பாவோட கணக்கு. பாய்லர் மாமாவோட கணக்கு. உனக்கு உதவி பண்றேன்னு நினைச்சு உன் கல்லையெல்லாம் நான் எடுத்துட்டேன்.”

குருவி அவரையே வெகுநேரம் பார்த்தாள். உதடு இரண்டு முறை அசைந்தது.

“அப்ப நான் மக்கு இல்லையா?”

மூன்று நாளில் வந்த முதல் வார்த்தைகள். அப்பா தலையை மட்டும் இடவலமாக ஆட்டினார். அம்மா குனிந்து உள்ளே கையை நீட்டினாள், அடித்த கன்னத்தைத் தடவினாள், “நீ உண்மையைத்தான் சொன்ன. நான்தான் கேக்கலை,” என்றாள்.

மறுநாள் காலையில் அப்பா வேலைக்குப் போகுமுன் உதவி மையத்தை மறுபடி கூப்பிட்டார்கள். அதே பெண்தான் எடுத்தாள்.

“பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைக்கலாம்மா. அஞ்சாவது கரை. ஆனா ஒண்ணு. மூணு வாரத்துல நடந்தது எல்லாமே அழிஞ்சிடும். பிள்ளை போட்டது தனி, மத்தவங்க போட்டது தனின்னு பிரிக்க முடியாது. அழிச்சா திரும்ப வராது.”

அம்மா ஃபோனைக் கையால் மூடினாள்.

“நாளைக்குப் பதிவு கேப்பாங்க,” என்றார் அப்பா மெதுவாக. “இப்போ எட்டாவது கரை இருக்கு. தொள்ளாயிரத்துச் சொச்சம் கல்லு இருக்கு. அழிச்சுட்டா மூணு வாரம் வெத்து. வயசுக்குக் குறைவான கரை வேற. நாமளே நம்ம பிள்ளையைக் கொண்டுபோய் அந்த வாசல்ல நிறுத்துற மாதிரி. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கலாமா? அந்த அம்மா வந்து போகட்டும். அப்புறம் அழிப்போம்.”

அம்மாவுக்கும் அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த வாசல், அந்த வாந்தி, மகளுடைய காலுறையில் தெறித்த அந்த ஈரம், எல்லாம் கண்முன் வந்தன. ஒரு நாள்தானே. யாருக்குத் தெரியப்போகிறது?

“இவளுக்குத் தெரியுமேங்க,” என்றாள். “பொய் சொல்லாதன்னு சொல்லி நான் கை ஓங்கினது இந்த மூணு வாரத்துக்காகத்தான். அதையே நாளைக்கு நான் நீட்டிக் காட்டினா?”

அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஃபோனை வாங்கினார்.

“அழிச்சுடுங்கம்மா,” என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. ஐம்பது வயது இருக்கும். ஒரு காலில் கட்டு போட்டிருந்தது. அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மா தண்ணீர் கொடுத்தாள். அவசரத்தில் பாதி தட்டில் சிந்தியது.

“கணக்குக்கு ஆமைக் கணக்குன்னு எழுதியிருக்கீங்க. பதிவு?”

அம்மா டேப்லெட்டைக் கொடுத்தாள். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “கடைசி மூணு வாரம் ஒண்ணுமே இல்லையே?”

அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அறைந்ததை, சலவைக்கூடத்தை, விரிப்பை, உதவி மையத்தை. அழித்ததையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது, தன் கையாலேயே எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோம் என்றுதான் தோன்றியது.

அவர் டேப்லெட்டை மேசையில் வைத்தார்.

“இந்த ஆமையோட ஒவ்வொரு கரைக்கும் அலுவலகம் கொடுத்த கேள்வித்தாள் என்கிட்ட இருக்கு,” என்றார் பையைத் திறந்துகொண்டே. “பதிவுல எந்தக் கரையோ, அந்தத் தாளைத்தான் கொடுக்கணும். எட்டாவது கரைன்னு காட்டியிருந்தீங்கன்னா எட்டாவது கரைத் தாளைக் கொடுத்திருப்பேன்.”

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“இருபது கணக்கு. பன்னெண்டு வந்தா போதும். பிள்ளை எங்க?”

“மேசைக்கு அடியிலங்க. வெளியாளுங்ககிட்ட பேச மாட்டா.”

“பேச வேண்டாம். எழுதட்டும்.” கட்டுப்போட்ட காலை ஒருபக்கம் நீட்டிக் கஷ்டப்பட்டுக் குனிந்து, தாளையும் ஒரு பென்சிலையும் மேசைக்கு அடியில் தரையோடு தள்ளினார். பிறகு நாற்காலியைத் திருப்பி, மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே கரடி மூட்டை. “யாராவது பின்னாடி நின்னு பாத்தா எனக்கே கூட்டல் வராது. இது என்ன வேலை? எனக்கு ஒண்ணு சொல்லிக் கொடுங்களேன்.”

வண்டு சொல்லிக் கொடுத்தாள். “கண்ணை இப்படி விடணும். வளையம் போடணும். இப்போ அழுத்துங்க. இன்னும் பலமா. சாப்பிடலையா நீங்க?”

டக்.

“இதுக்கு மாறுகண்ணு,” என்று வண்டு கரடியைத் தூக்கிப் பார்த்தாள்.

“என்னை மாதிரிதான்,” என்றார் அவர். “இன்னொண்ணு கொடு.”

அவர் ஆறு கரடிகளுக்குக் கண் வைத்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் பென்சில் ஓடியது, நின்றது, அழித்தது, மறுபடி ஓடியது. வெகுநேரம் சத்தமே இல்லாமல் ஒரு இடைவெளி வந்தது. அம்மா கண்களை மூடிக்கொண்டாள். அவள் உதடுகள் அசைந்தன. பிறகு பென்சில் மறுபடி ஓடியது. கடைசியில் தாள் தரையோடு வெளியே வந்தது.

மேற்பார்வையாளர் கண்ணாடி போட்டுக்கொண்டு திருத்தினார். பதினாறாவது கணக்குக்கு வந்ததும் பேனா நின்றது. அங்கே விடை இல்லை. ‘இது எனக்கு இன்னும் வரவில்லை’ என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, குருவி பதினேழாவது கணக்குக்குப் போயிருந்தாள். பதினேழாவது சரியாக இருந்தது.

“பதிமூணு,” என்றார். “தேறிட்டா. ஆனா இந்த வயசுக்கு இந்தக் கரை குறைவுதான். அதை நான் மறைச்சு எழுத முடியாது. ஒரு வருஷம் கொடுக்க வழியில்லை. மூணு மாசம் கொடுக்கிறேன். மூணு மாசம் கழிச்சு நானே வருவேன்.” கையெழுத்துப் போட்டார். எழுந்து, கதவருகில் நின்று, மேசையைப் பார்க்காமலே சொன்னார்: “வரலைன்னா வரலைன்னு எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போறது பெரியவங்களுக்கே வராது.”

அவருடைய காலடி ஓசை மாடிப்படிகளில் இறங்கி மறையும்வரை அம்மா நகரவில்லை. மூன்று மாதம். அது போதாதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் கேட்டது ஒரே ஒரு கல்.

ஒன்று பத்துக்கு ஃபோன் அடித்தது. அம்மா எடுப்பதற்குள் வண்டு எடுத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டாள்.

“என்னாச்சு?” அப்பாவின் குரல். அதற்குப் பின்னால் “என்னாச்சாம், என்னாச்சாம்?” என்று ஏழெட்டுக் குரல்கள்.

அம்மா வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து ஃபோனை வாங்கிக்கொண்டது.

“பதிமூணு,” என்றாள் குருவி.

அந்தப் பக்கம் அப்படியே அடங்கியது. அந்தக் குரலை அவர்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. இயந்திரம் ஒன்று சுற்றுவது மட்டும் கேட்டது.

“மூணு மாசம் கொடுத்திருக்காங்க,” என்று குருவி தொடர்ந்தாள். “இனிமே நீங்க யாரும் என் கல்லைத் தொடக் கூடாது.”

“சரிம்மா,” என்றது இஸ்திரி அக்காவின் குரல். “தொட மாட்டோம்.”

கொஞ்ச நேரம் கழித்துப் பாய்லர்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அப்ப மத்தியானத்துல நாங்க என்னம்மா பண்றது?”

குருவி யோசித்தாள்.

“சாப்பிடுங்க,” என்றாள்.